கவுஞ்சிப் பெண் ஜெர்மனி போக வேண்டாமா?

கொடைக்கானலில் பஸ் ஏறினால் முதலில் பூம்பாறை வரும். பிறகு மன்னவனூர் வரும். அதையும் தாண்டிப் போனால் கவுஞ்சி.

பழனி மலையின் மேல்மலைக் கிராமம் அது. உருளைக்கிழங்கு, பூண்டு, காரட், பீன்ஸ் விளையும் பூமி. மலைச் சரிவில் படிக்கட்டு போல வயல்கள் இறங்கும். பூண்டுக்கு நல்ல விலை கிடைத்தால் அந்த வருஷம் வீட்டில் புதுத்துணி. விலை விழுந்தால் பழைய துணி. அப்படிப்பட்ட பிழைப்பு.

அந்த ஊரில் ஒரு பெண் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். வெளியூரில் ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். அவள் பள்ளியில் ஜெர்மன் மொழிப் பாடம் உண்டு. அந்தப் பாடத்தில் அவள்தான் முதல் மார்க்.

ஒருநாள் வகுப்பில் ஒரு நோட்டீஸ் கொடுக்கிறார்கள். "கோடை விடுமுறையில் ஜெர்மனிக்குச் சுற்றுலா. விருப்பம் உள்ளவர்கள் பணம் கட்டலாம்." கீழே தொகை போட்டிருக்கிறது. லட்சக்கணக்கில்!

லீவில் ஊருக்கு வரும்போது அந்தக் காகிதத்தை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு வருகிறாள்.

"என்ன தாயி, கையிலே காகிதம்?" என்று அப்பா கேட்கிறார்.

"ஒண்ணும் இல்லப்பா. பரீட்சைத் தேதி."

பொய்தான். அப்பாவின் மனம் நோகக்கூடாதே என்று சொன்ன பொய்!

வகுப்பில் நாற்பது பேர். பணம் கட்டியவர்கள் ஐந்து பேர். அந்த ஐந்து பேரும் விமானம் ஏறுவார்கள். முதல் மார்க் வாங்கியவள் திண்ணையில் உட்கார்ந்து பூண்டு உரிப்பாள்.

அந்தப் பெண் கற்பனை. ஆனால் இந்த மாதிரி நோட்டீஸ் கற்பனை அல்ல. வெளிநாட்டுச் சுற்றுலா என்றால் பணம் கட்டியவனுக்குத்தான் என்பது ஊரறிந்த வழக்கம் ஆகிவிட்டது.

இது சரியா?

சரி அல்ல. மொழி படிக்கும் பிள்ளைகளுக்குப் பயணம் என்பது விருந்து அல்ல. அதுவும் ஒரு பாடம். பாடத்தைப் பணம் உள்ளவர்களுக்கு மட்டும் நடத்துவது எந்த ஊர் நியாயம்?

சோறு போடும் மொழி

"மலையில் பூண்டு விளைவிக்கிற குடும்பத்துக்கு ஜெர்மன் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதில் இதோ.

ஜெர்மனியில் வயதானவர்கள் பெருகிவிட்டார்கள். வேலை செய்யும் வயதில் உள்ளவர்கள் குறைந்து வருகிறார்கள். ஆஸ்பத்திரிக்கு நர்சு வேண்டும். தொழிற்சாலைக்கு ஆள் வேண்டும். 2024 அக்டோபரில் ஜெர்மனி ஓர் அறிவிப்புச் செய்தது. தொழில் தெரிந்த இந்தியர்களுக்கு அதுவரை ஆண்டுக்கு 20,000 விசா என்று இருந்தது. அதை 90,000 ஆக உயர்த்துவதாகச் சொன்னது.

படிப்புக்காகப் போகிறவர்களும் அதிகம். 2023-24 குளிர்காலப் பருவத்தில் ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் 49,000-க்கு மேற்பட்ட இந்தியர்கள் படித்தார்கள். அங்கே படிக்கும் வெளிநாட்டவரில் இந்தியர்களே முதல் இடம்.

ஆனால் அங்கே போய் வேலை பார்க்க மொழி வேண்டும். ஜெர்மன் படிப்பை ஆறு படிகளாக வகுத்திருக்கிறார்கள். நர்சு வேலைக்குப் பொதுவாக நான்காவது படி வரை ஏற வேண்டும். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே நர்சுகளுக்கு ஜெர்மன் வகுப்பு நடத்தியிருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

நர்சு படிப்பை முடித்துவிட்டு, வேலை கிடைக்க வேண்டுமே என்ற கவலையோடு இருபத்திரண்டு வயதில் ராப்பகலாக மனப்பாடம் செய்வது ஒரு வகை. பதினான்கு வயதில் விளையாட்டாகப் பேசிப் பழகுவது ஒரு வகை. எது சுலபம் என்று தாய்மார்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

'டூ' விட்டால் சினேகம்!

ஜெர்மன் ஒரு வேடிக்கையான மொழி.

அந்த மொழியில் சூரியன் பெண்பால். சந்திரன் ஆண்பால்! சாப்பாட்டு மேஜைக்கு வந்தால் இன்னும் வேடிக்கை. கரண்டி ஆண்பால். முள் கரண்டி பெண்பால். கத்தி இரண்டும் இல்லை, மூன்றாவது பால். சிறு பெண்ணைக் குறிக்கும் 'மேட்ஷென்' என்ற சொல்லும் அந்த மூன்றாவது பால்தான். திணை, பால் படித்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைக்கு முதலில் தலை சுற்றும். பிறகு சிரிப்பு வரும்.

ஆனால் தமிழ்ப் பிள்ளைக்குச் சில வசதிகளும் உண்டு. ஆங்கிலத்தில் தாத்தாவுக்கும் 'யூ', தம்பிக்கும் 'யூ'. ஜெர்மனில் அப்படி அல்ல. தமிழைப் போல மரியாதை உண்டு. 'ஸீ' என்றால் நீங்கள். 'டூ' என்றால் நீ. சினேகிதர்களும் வீட்டாரும் 'டூ' என்றுதான் பேசிக்கொள்வார்கள். நம் ஊர்க் குழந்தைகள் 'டூ' விட்டால் சண்டை. அங்கே 'டூ' சொன்னால் சினேகம்!

இன்னொன்று. ஜெர்மனில் பல வாக்கியங்களில் வினைச்சொல் கடைசியில் வந்து நிற்கும். தமிழ்ப் பிள்ளைக்கு அது புதிது அல்லவே!

இதை எல்லாம் புத்தகத்திலும் படிக்கலாம். ஆனால் யாரை 'ஸீ' என்று சொல்ல வேண்டும், யாரை 'டூ' என்று சொல்லலாம் என்பது எப்போது மனதில் பதியும்? ஒரு ஜெர்மன் பாட்டியின் எதிரில் உட்கார்ந்து பேசும்போதுதான் பதியும்.

"மாக்ஸ் முல்லர் இந்தியாவுக்கு வராமலே சமஸ்கிருதம் படிக்கவில்லையா?" என்று படித்தவர்கள் மடக்குவார்கள். உண்மைதான். ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டில் வாழ்ந்த அந்த அறிஞர் ரிக் வேதத்தையே பதிப்பித்தார். ஆனால் இந்திய மண்ணை ஒரு தடவை கூட மிதித்ததில்லை. சென்னையில் ஜெர்மன் கற்பிக்கும் நிலையத்துக்கு 'மாக்ஸ் முல்லர் பவன்' என்றும் ஒரு பெயர் உண்டு.

ஆனால் மாக்ஸ் முல்லர் படித்தது பழைய ஏடுகளை. அவர் யாருக்கும் ஊசி போட வேண்டியதில்லை. "எங்கே வலிக்கிறது பாட்டி?" என்று கேட்க வேண்டியதில்லை. கவுஞ்சிப் பெண் கேட்க வேண்டும். பதிலும் புரிய வேண்டும். அதற்கு ஆளோடு பேசிய பழக்கம் தேவை.

மணலில் எழுதிய ஜெர்மானியர்

புதிய மொழியை எப்படிப் படிப்பது என்று ஒரு ஜெர்மானியரே தமிழ்நாட்டில் காட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

அவர் பெயர் சீகன்பால்க். டென்மார்க் மன்னர் அனுப்பிய பாதிரியார். 1706-ம் ஆண்டு ஜூலை 9-ந் தேதி தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அப்போது அந்த ஊர் டென்மார்க்குக்காரர்களின் வசம் இருந்தது. சீகன்பால்க்குக்கு இருபத்து நான்கு வயது நிறைய ஒரே ஒரு நாள் பாக்கி.

தமிழில் ஒரு எழுத்துக்கூடத் தெரியாது. என்ன செய்தார்? திண்ணைப் பள்ளி உபாத்தியாயர் ஒருவரைப் பிள்ளைகளோடு தம் வீட்டுக்கே வரச் செய்தார். தாமும் அந்தச் சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தார். விரலால் மணலில் 'அ', 'ஆ' எழுதினார்! வெட்கப்படவில்லை.

அந்த மணல் எழுத்து வீண் போகவில்லை. 1715-ல் அவருடைய மொழிபெயர்ப்பான தமிழ்ப் புதிய ஏற்பாடு தரங்கம்பாடி அச்சகத்தில் அச்சாகி முடிந்தது. 1716-ல் அவர் எழுதிய தமிழ் இலக்கண நூல் ஜெர்மனியில் ஹாலே நகரில் அச்சாயிற்று. 1719-ல் அவர் இறந்தபோது வயது 36.

இன்னொரு செய்தி. 1714-ல் சீகன்பால்க் ஐரோப்பாவுக்குப் போனபோது மலையப்பன் என்ற தமிழ் இளைஞனையும் கூட அழைத்துப் போனார். முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு மலையப்பன் கப்பல் ஏறி ஜெர்மனி போயிருக்கிறான். இன்று மலையில் பிறந்த பெண் போகக் கூடாதா?

மழை இரவில் பிறந்த யோசனை

"போகலாம். செலவுக்கு எங்கே போவது?"

இதற்கும் ஒரு ஜெர்மன் வாத்தியாரின் கதை உண்டு.

ரிச்சர்ட் ஷிர்மன் என்பவர் ஆல்டேனா என்ற ஊரில் பள்ளி ஆசிரியர். நாலு சுவருக்குள் பாடம் நடத்துவது அவருக்குப் பிடிக்காது. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு காடு, மலை என்று நடந்து போவார்.

1909 ஆகஸ்டில் அப்படி ஒரு நடைப்பயணம். வழியில் இடியும் மழையும் பிடித்துக்கொண்டன. ஒதுங்க இடம் இல்லை. ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் இடம் கொடுத்தார்கள். ஒரு விவசாயி படுக்க வைக்கோலும் குடிக்கப் பாலும் கொடுத்தார். பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். வாத்தியாருக்குத் தூக்கம் வரவில்லை.

வெளியே இடி. உள்ளே யோசனை. "விடுமுறையில் பள்ளிக்கூடங்கள் எல்லாம் காலியாகத்தானே கிடக்கின்றன? அவற்றில் பிள்ளைகள் தங்கினால் என்ன?"

அந்த யோசனைதான் 'யூத் ஹாஸ்டல்' என்று உலகம் முழுவதும் பரவிய மலிவு விடுதி! 1912-ல் ஆல்டேனா ஊர்க் கோட்டையில் முதல் நிரந்தர விடுதியை ஷிர்மன் அமைத்தார். பிறகு வந்த நாஜி ஆட்சி அவரைப் பொறுப்பிலிருந்து விலக்கியது. ஆனாலும் யோசனை சாகவில்லை. இன்று ஜெர்மனியில் மட்டும் சுமார் 400 விடுதிகள் இருக்கின்றன.

ஜெர்மன் பள்ளிகளில் வகுப்புப் பயணம் என்பது பள்ளி வாழ்க்கையில் ஒரு பகுதி. வகுப்பு முழுவதும் சேர்ந்து போகும். ஏழைப் பிள்ளை என்ன செய்யும்? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். 2011-ல் வந்த ஏற்பாட்டின்படி, அரசு உதவி பெறும் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளின் பள்ளிப் பயணச் செலவை அரசாங்கமே ஏற்கிறது.

ஜெர்மன் மொழியை மட்டும் கற்றால் போதுமா? இந்த நல்ல வழக்கத்தையும் கற்க வேண்டாமா?

முதல் பயணம் சொந்த ஊரில்

பள்ளிகள் செய்யக்கூடிய காரியங்கள் மூன்று.

முதலாவது, பயணத்தைச் சொந்த ஊரில் தொடங்க வேண்டும். ஜெர்மன் படிக்கும் பிள்ளைகளைக் கவுஞ்சி போன்ற ஊருக்கு அழைத்து வாருங்கள். வயலில் நிறுத்தி, ஜெர்மனில் பேசச் சொல்லுங்கள்.

உருளைக்கிழங்கைக் காட்டினால் 'கார்ட்டொஃபல்' என்று சொல்லட்டும். ஆஸ்திரியாவில் அதையே 'மண் ஆப்பிள்' என்ற பொருள்படும் சொல்லால் அழைப்பார்கள் என்று ஆசிரியர் சொல்லட்டும். ஜெர்மானியருக்கு உருளைக்கிழங்கு அன்றாட உணவு. அந்தக் கிழங்கு மண்ணுக்குள் எப்படி விளைகிறது என்று சொல்லக் கவுஞ்சிப் பெண்ணை விடத் தகுதியானவர் யார்?

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பூண்டின் பெருமையை ஜெர்மனில் பத்து வரி எழுதட்டும். கோடைக்கு வரும் வெளிநாட்டுப் பயணிகளில் ஜெர்மன் பேசுகிறவர்கள் இருந்தால், அவர்களிடம் பிள்ளைகளே ஊரைச் சுற்றிக் காட்டட்டும். அன்று அந்தப் பெண்தான் வாத்தியார். பணம் கட்ட முடியாதவள் என்ற பேச்சே அங்கே எழாது.

இரண்டாவது, தரங்கம்பாடி. மலையிலிருந்து இறங்கித் திருச்சி, தஞ்சாவூர், மயிலாடுதுறை வழியாகக் கடற்கரைக்குப் போய்விடலாம். விமானம் வேண்டாம். விசா வேண்டாம். 1620-ல் கட்டிய டேனிஷ் கோட்டை அங்கே இருக்கிறது. சீகன்பால்க் காலத்தில், 1718-ல் கட்டி முடித்த தேவாலயம் இருக்கிறது. அவர் வாழ்ந்த வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. கடற்கரை மணலில் பிள்ளைகளை உட்கார வைத்து, அவர் தமிழ் எழுதியது போல, ஜெர்மன் எழுத்தை எழுதச் சொல்லுங்கள். ஆயுள் முழுவதும் மறக்காது.

தங்க இடம்? ஷிர்மன் சொன்ன வழிதான். விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் பள்ளிக்கூடங்களைத் திறந்து விடுங்கள். கடற்கரைப் பள்ளியில் மலைப் பிள்ளைகள் தங்கட்டும். மலைப் பள்ளியில் கடற்கரைப் பிள்ளைகள் தங்கட்டும். பாயும் தலையணையும் போதாதா?

மூன்றாவதுதான் ஜெர்மனி. அதற்கு ஆளைப் பொறுக்கும்போது பையைப் பார்க்கக் கூடாது. படிப்பையும் ஆர்வத்தையும் பார்க்க வேண்டும்.

இது நடக்காத காரியம் அல்ல. ஜெர்மன் வெளியுறவுத் துறை 2008-ல் ஒரு திட்டம் தொடங்கியது. அதில் உலகம் முழுவதும் சுமார் 2,000 பள்ளிகள் சேர்ந்திருக்கின்றன. அந்தப் பள்ளிகளில் தேர்ந்தெடுத்த பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுத்து, ஜெர்மனியில் மூன்று வாரம் தங்கிப் படிக்க அழைக்கிறார்கள். தமிழக அரசும் 2022 நவம்பரில் அரசுப் பள்ளி மாணவ-மாணவிகளைத் துபாய்க்கு அழைத்துப் போனது. மனம் இருந்தால் வழி உண்டு.

ஒரு சின்னச் செய்தி. கல்விக்காகக் குறுகிய காலம் போகும் பள்ளிப் பிள்ளைகளுக்கும், கூடப் போகும் ஆசிரியர்களுக்கும் விசாக் கட்டணம் கிடையாது. ஐரோப்பியச் சட்டமே அப்படிச் சொல்கிறது. இது எத்தனை பெற்றோருக்குத் தெரியும்?

மீதிச் செலவுக்கு? பணம் கட்டும் ஐந்து பேருக்காகப் பத்து நகரம் சுற்றும் திட்டத்தைப் போடுவதை விட்டுவிட்டு, வகுப்பு முழுவதும் வருஷம் முழுவதும் சேர்ந்து நிதி திரட்டட்டும். பழைய மாணவர்கள் கொடுக்கட்டும். ஊர்ப் பெரியவர்கள் கொடுக்கட்டும். வகுப்பு முழுவதும் போக முடியாவிட்டால், அந்த நிதியில் தகுதி உள்ள இரண்டு பேராவது போகட்டும். போய் வந்தவர்கள் மற்றவர்களுக்குப் பாடம் நடத்தட்டும்.

போட்டோ போதுமா?

போகிறவர்களும் எப்படிப் போகிறார்கள்?

பத்து நாளில் ஏழு நகரம். பஸ்சில் தூக்கம். இறங்கினால் போட்டோ. சாப்பாட்டுக்கு இந்திய ஓட்டல். தமிழ்ப் பிள்ளைகள் தங்களுக்குள் தமிழிலும் ஆங்கிலத்திலும் பேசிக்கொள்கிறார்கள். திரும்பி வரும்போது பெட்டி நிறையச் சாக்லெட். வாயில் ஜெர்மன் இல்லை!

ஒரே ஊரில் தங்கினால் போதும். ஒரு பள்ளிக்கூடம், ஒரு கடைத்தெரு, ஒரு குடும்பம். ரொட்டிக் கடையில் தானே கேட்டு ரொட்டி வாங்க வேண்டும். வழி தவறினால் தானே விசாரிக்க வேண்டும். பத்துத் தடவை தப்பாகப் பேசினால் பதினோராவது தடவை சரியாக வரும்.

"வயதுக்கு வந்த பெண்ணை முன்பின் தெரியாத வீட்டில் எப்படித் தங்க விடுவது?" என்று தாய் கேட்பாள். கேட்க வேண்டிய கேள்வி. ஆசிரியை கூடவே போக வேண்டும். தங்கும் குடும்பத்தைப் பள்ளி முன்கூட்டியே நன்கு விசாரிக்க வேண்டும். அந்தக் குடும்பத்தாரோடு பெற்றோர் போனில் முகம் பார்த்துப் பேச வேண்டும். இதைச் செய்ய முடியாத பள்ளி அழைத்துப் போகவே வேண்டாம். ஆனால் ஒழுங்காகச் செய்கிற பள்ளி இருக்கும்போது, "பையன் போகட்டும், பெண் வேண்டாம்" என்று சொல்வது தவறு. நர்சாகப் போகிறவர்களில் பெண்களே அதிகம். பழகிப் பார்க்கும் வாய்ப்பு மட்டும் ஆண்களுக்கா?

பாடத்துக்குப் பின்னால் மனிதர்கள் இருக்க வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மத்திய அரசின் கேந்திரிய வித்யாலயா பள்ளிகளில் 2011-ல் ஜெர்மன் மூன்றாவது மொழிப் பாடமாக வந்தது. 2014 நவம்பரில், கல்வி ஆண்டின் நடுவிலே, அந்த இடத்திலிருந்து எடுக்கப்பட்டது. சுமார் 70,000 பிள்ளைகள் அப்போது அதைப் படித்துக்கொண்டிருந்தார்கள். பாடத்திட்டம் வரும், போகும். அங்கே ஒரு சினேகிதி இருந்தால் பாடம் போனாலும் மொழி போகாது. கடிதம் இருக்கும். பேச்சு இருக்கும்.

அந்தச் சினேகிதி ஒருநாள் கவுஞ்சிக்கும் வரட்டுமே! படிக்கட்டு வயலைப் பார்க்கட்டும். பூண்டு ரசம் சாப்பிடட்டும். "இன்னும் கொஞ்சம்" என்று தமிழில் கேட்கட்டும். பயணம் என்றால் போவது மட்டும்தானா? வருவதும்தான்.

திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்ணைப் பாருங்கள். புத்தகத்துக்குள் அந்த நோட்டீஸ் மடித்தபடியே இருக்கிறது. அவள் யாரிடமும் தர்மம் கேட்கவில்லை. படித்த பாடத்தைப் பேசிப் பார்க்க ஓர் இடம் கேட்கிறாள்.

அடுத்த தடவை பள்ளிகள் நோட்டீஸ் அச்சடிக்கும்போது தொகையை மட்டும் போட வேண்டாம். அதன் கீழே ஒரு வரி சேர்க்கட்டும். "பணம் இல்லை என்பதற்காக எந்தப் பிள்ளையும் நிற்க வேண்டியதில்லை."

அந்த ஒரு வரி இருந்தால் போதும். கவுஞ்சிப் பெண் அப்பாவிடம் பொய் சொல்ல மாட்டாள். நோட்டீசை விரித்துக் காட்டுவாள்!